அவசரக்காரர்கள் தேவை

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து அரியலூர் பஸ் கிளம்பிப் போய்விட்டது. அதன் கண்டக்டர் இராமலிங்கம் போகவில்லை.

யாரோ ஒருவரின் கடலை மூட்டையை மேலே போட்டுவிட்டு, பின்பக்கத்து ஏணியில் இறங்கி, அப்போதுதான் தரையில் கால் வைத்திருந்தார். தோல் பை தோளில் இருந்தது. டிக்கெட் கட்டு கையில் இருந்தது. விசில் பல்லுக்கிடையில் இருந்தது. பஸ் மட்டும் இல்லை.

எதிரே டீக்கடை வைத்திருந்த அரியமுத்து, பாய்லருக்குப் பின்னாலிருந்து இதைப் பார்த்தார்.

“பஸ்சு போயிருச்சே கண்டக்டரே.”

“பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்.”

“ஆளு ஏறாம எதுக்கு ஊதுனீங்க?”

“ஊதுனேனா?”

“ஊதாம பஸ்சு போவுமா?”

இராமலிங்கம் கணக்குப் போட்டுப் பார்த்தார். ஒரு விசில் என்றால் நிற்க வேண்டும், இரண்டு விசில் என்றால் போக வேண்டும். பஸ் போயிருந்தது. விசில் வாயில் இருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஊதியிருக்கத்தான் வேண்டும். ஊதியது மட்டும் ஞாபகத்தில் இல்லை.

பின்னால் வந்த வேறு கம்பெனி பஸ்ஸில் ஏறிக்கொண்டார். அந்தக் கண்டக்டர் தொழில் மரியாதைக்காக டிக்கெட் கேட்கவில்லை. காரணம் மட்டும் கேட்டார். வழியில் பேரளியில் தன் பஸ்ஸை எட்டிப் பிடித்து ஏறியபோது, அதுவரை டிக்கெட் இல்லாமல் வந்த ஐம்பத்திரண்டு பேரும் அவரைச் சற்று ஏமாற்றத்துடன் பார்த்தார்கள்.

இது முதல் தடவை அல்ல. அந்த 1984-ஆம் வருஷம் வைகாசியில் ஆரம்பித்தது. வைகாசியில் ஒரு கல்யாணக் கோஷ்டி ஏறியது, மாப்பிள்ளை ஏறவில்லை. ஆனியில் ஒரு ஆடு ஏறியது; ஆட்டுக்காரர் ஏறவில்லை. ஆடிக் கிருத்திகைக்கு அரியலூரிலிருந்து செட்டிகுளம் மலைக்கு ஒரு காவடி கிளம்பி, பெரம்பலூர் வரை தனியாக வந்து சேர்ந்தது. ஒவ்வொரு தடவையும் புகார் முதலாளிக்குப் போனது. ஒவ்வொரு புகாரிலும் ‘கண்டக்டர் அவசரப்பட்டு விசில் ஊதிவிட்டார்’ என்ற வரி இருந்தது.

ஆனாலும் புரட்டாசிச் சனிக்கிழமை நடந்ததுதான் பெரிய தப்பு. அன்றைக்குக் கூட்டத்துக்காக பஸ்ஸைக் கல்லங்குறிச்சி பெருமாள் கோயில் வரை விட்டிருந்தார்கள். திரும்பும்போது கோயில் வாசலில் ஓர் அம்மாள் இரண்டு தூக்குவாளிப் பிரசாதத்துடன் படியில் வலது காலை வைத்தார். இடது கால் தரையில் இருக்கும்போதே பஸ் கிளம்பிவிட்டது. அந்த அம்மாளின் பெயர் உண்ணாமலை. ஆண்டாயி மோட்டார் சர்வீஸ் முதலாளி அரங்கநாதனின் சம்பந்தி. பெண் கொடுத்த இடம் அல்ல. பெண்ணைக் கொடுத்துவிட்டு முதலாளி பயந்துகொண்டிருந்த இடம்.

திங்கட்கிழமை காலை இராமலிங்கத்தை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள்.

ஆபீசில் முதலாளி உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்தில் அவருடைய மைத்துனன் தர்மன் நின்றுகொண்டிருந்தான். தர்மன் கண்டக்டர் லைசென்ஸ் எடுத்து எட்டு மாதமாகிறது. வேலை காலியாகவில்லை என்பதுதான் குறை. இராமலிங்கத்தின் தோளிலிருந்த பையை அவன், பெண் பார்க்க வந்தவன் மாதிரி பார்த்தான்.

முதலாளி கத்தவில்லை. அதனால் இராமலிங்கம் பை வாரை இறுகப் பிடித்துக்கொண்டார்.

“ஏன்யா ஊதுன?”

“ஊதுனதா ஞாபகம் இல்லீங்க மொதலாளி.”

“ஞாபகத்தோட ஊதுறவனைத் திருத்தலாம். ஞாபகமில்லாம ஊதுறவனை என்னய்யா பண்றது?”

பிறகு டிரைவர் செல்லக்கண்ணுவை உள்ளே வரச் சொன்னார்கள். செல்லக்கண்ணு கம்பெனியில் பத்தொன்பது வருஷம். ஒரு விபத்து கிடையாது, ஒரு வாய்ச்சண்டை கிடையாது. முதலாளி எது சொன்னாலும் தலையாட்டுவார். முதலாளி இராமலிங்கத்தைச் சுட்டிக்காட்டி, “இவன் ஊதுனானா இல்லியா?” என்று கேட்டார். செல்லக்கண்ணு இராமலிங்கத்தைப் பார்த்தார்; முதலாளியைப் பார்த்தார்; தலையாட்டினார். சாட்சி முடிந்தது.

“செல்லக்கண்ணுவைப் பாரு,” என்றார் முதலாளி. “பின்னால இடி விழுந்தாலும் திரும்பிப் பாக்க மாட்டான். அதுக்குப் பேரு நிதானம். உனக்குத் தலையில ஏதோ கோளாறு. வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரு டாக்டர்கிட்டக் காமிச்சு, தலை சரியா இருக்குன்னு எழுதி வாங்கிட்டு வா. இல்லைன்னா பையைத் தர்மன்கிட்டக் குடுத்துட்டுப் போ.”

தர்மன் தோளை லேசாகச் சரித்துக்கொண்டான்.

இராமலிங்கம் கம்பெனிக்கு வந்து பதினோரு வருஷம். அதற்கு முன் அவர் குடும்பத்தில் யாரும் மாதச் சம்பளம் வாங்கியதில்லை; பிறத்தியார் வயலில்தான் வேலை. வீட்டில் கண்டக்டர் என்று ஒருவர் இருப்பதைச் சொல்லித்தான் தங்கைக்கு மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்தார்கள். தை மாதம் கல்யாணம்.

மனைவி கொளஞ்சியம்மாளிடம் விஷயத்தைச் சொன்னார். அவள் டாக்டர் வரைக்கும் போக வேண்டியதில்லை என்றாள். விசில் கைக்கெட்டும் இடத்தில் இருப்பதால்தான் கை போகிறது. கை போவதற்கு வழி இல்லாமல் செய்துவிட்டால் தீர்ந்தது. ஒரு கைக்குட்டையில் விசிலை வைத்து மூன்று முடிச்சுப் போட்டு, கால்சட்டைப் பையில் திணித்தாள். ஊத வேண்டுமானால் மூன்று முடிச்சையும் அவிழ்க்க வேண்டும். அதற்குள் யோசனை வந்துவிடும்.

மறுநாள் பேரளியில் இராமலிங்கம் கீழே நின்று ஆட்களை ஏற்றினார். எல்லாரும் ஏறிக்கொண்டிருந்தார்கள். கைக்குட்டையை எடுத்தார். முதல் முடிச்சை அவிழ்த்தார். பஸ் கிளம்பிவிட்டது.

பின்னாலேயே ஓடினார். ஓடிக்கொண்டே மற்ற இரண்டு முடிச்சையும் பல்லால் பிய்த்து, நிறுத்தச் சொல்லி ஒரு விசில் ஊதினார். பஸ் நிற்கவில்லை. இன்னொரு விசில் ஊதினார். வேகம்தான் கூடியது. இரண்டு விசில் என்றால் போகத்தானே வேண்டும் என்று ஜன்னலோரம் இருந்தவர்கள் பேசிக்கொண்டார்கள். ஒருவழியாக ஏணியைப் பிடித்துத் தொற்றிக்கொண்டார்.

சாயங்காலம் கொளஞ்சியம்மாள் விசாரணை நடத்தினாள்.

“முடிச்சு அவுத்தது ஞாபகம் இருக்குங்களா?”

“ஒண்ணு அவுத்தேன். பஸ்சு போயிருச்சு.”

“அப்ப மிச்சம் ரெண்டு முடிச்சை எப்ப அவுத்தீங்க?”

“அப்புறமா, ஓடும்போது.”

“ஊதுனதே ஞாபகம் இல்லாத மனுசனுக்கு முடிச்சு மட்டும் ஞாபகம் இருக்குதாக்கும்,” என்றாள் அவள். “டாக்டரையே பாத்துட்டு வந்துருங்க.”

டாக்டர் தூரத்தில் இல்லை. பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், உரக்கடை மாடியிலேயே இருந்தார். பெயர் குழந்தைவேல். சொந்த ஊர் செட்டிகுளம். படித்ததும் ஆராய்ச்சி செய்வதும் மெட்ராஸில். மனிதர்கள் கையை அசைப்பதற்கு முன் மூளையில் என்ன நடக்கிறது, அது அவசரக்காரருக்கும் நிதானமானவருக்கும் ஒரே மாதிரி நடக்கிறதா என்பது அவர் ஆராய்ச்சி. அதற்காக ஒரு பெட்டி நிறைய ஒயரும், ஊசியால் காகிதத்தில் கோடு கிழிக்கும் ஒரு மிஷினும் கொண்டுவந்திருந்தார்.

அரியமுத்துவின் டீக்கடைத் தட்டியில் அவருடைய நோட்டீஸ் இரண்டு வாரமாக ஒட்டியிருந்தது. ‘அவசரக்காரர்கள் தேவை. யோசிக்காமல் செய்துவிட்டுப் பிறகு வருந்துகிறவர்கள் ஞாயிறு காலை பத்து மணிக்கு உரக்கடை மாடிக்கு வரவும். பரிசோதனை இலவசம். காபி உண்டு.’

அந்த ஞாயிற்றுக்கிழமை அவசரக்காரர்கள் எட்டு மணிக்கே வந்தார்கள். மாடிக் கதவு பூட்டியிருந்தது. எட்டரைக்குத் திட்டிவிட்டுப் போய்விட்டார்கள். பத்து மணிக்கு வந்து, பதினொன்று வரை உட்கார்ந்து, காபியை ஆற்றிக் குடித்த பன்னிரண்டு பேரும் நிதானஸ்தர்கள். பன்னிரண்டு நிதான மூளைகளின் கோடுகளை வைத்துக்கொண்டு, ஒப்பிட்டுப் பார்க்க ஒரே ஒரு அவசரக்காரர்கூடக் கிடைக்காமல் டாக்டர் தவித்துக்கொண்டிருந்த புதன்கிழமைதான் இராமலிங்கம் படியேறி வந்தார்.

அவர் கதையைக் கேட்டு முடித்ததும் டாக்டர் எழுந்து கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். ஆளைத் தப்பவிடக் கூடாது என்ற எண்ணம்.

“நீங்க விரலை அசைக்கிறதுக்கு ஒரு செகண்டுக்கு முன்னாடியே மூளை அதுக்கான ஏற்பாட்டை ஆரம்பிச்சிடுது,” என்று விளக்கினார். “கல்யாணத்துக்குப் பந்தல் போடுற மாதிரின்னு வெச்சுக்குங்க. பந்தல் போட்ட பிறகுதான் விரல் அசையும். நிதானமானவங்களுக்குப் பந்தல் பெரிசு. அவசரக்காரங்களுக்குச் சின்னதா இருக்கும்னு என்னோட சந்தேகம்.”

“பந்தலே போடாம கல்யாணம் பண்ணா என்னாங்க சார்?”

“அந்த ஆளைத்தான் நான் தேடிக்கிட்டிருக்கேன்.”

தலையில் ஒயர் ஒட்டவில்லை. தலை டாக்டரிடம் போகிறவரின் தலை பார்க்கும்படியாக இருக்க வேண்டும் என்று கொளஞ்சியம்மாள் கால் படி நல்லெண்ணெய் வைத்து அனுப்பியிருந்தாள். உரக்கடைக் குழாயடியில் சீயக்காய் போட்டு மூன்று தடவை அலசிவிட்டு வந்து, மறுபடி உட்கார்ந்தார்.

முதலில் கேள்விகள். ‘வரிசையில் நிற்கும்போது பொறுமை இழப்பீர்களா?’ என்பது முதல் கேள்வி. எந்த வரிசை என்று இராமலிங்கம் கேட்டார். ரேஷன் கடை வரிசையா, சினிமா வரிசையா? சினிமா என்றால் பகலாட்டமா? எதுவாக இருந்தாலும் பரவாயில்லை என்றார் டாக்டர். அப்படிப் பொதுவாகச் சொல்லிவிட முடியாது என்று இராமலிங்கம் விட்டத்தைப் பார்த்து யோசித்தார். முப்பது கேள்விக்கு இரண்டு மணி நேரம் ஆயிற்று. உண்மையான அவசரக்காரர்கள் இப்படித்தான் நிதானம்போல் காட்டித் தங்களை மறைத்துக்கொள்வார்கள் என்று டாக்டர் நோட்டில் எழுதிக்கொண்டார்.

அடுத்தது விரல். கையைப் பலகைமேல் வைத்துக்கொண்டு, எப்போது தோன்றுகிறதோ அப்போது ஆள்காட்டி விரலை அசைக்க வேண்டும். அவ்வளவுதான். மிஷினைப் போட்டார். காகிதம் ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது. பதினோரு நிமிஷம் கழித்து டாக்டர் மிஷினை நிறுத்தினார்.

“ஏன் அசைக்கலே?”

“தோணலீங்க.”

“சும்மா அசைங்க. எதையும் யோசிக்காதீங்க.”

“அது எப்படிங்க சார், காரணம் இல்லாம?”

நாற்பது தடவை அசைத்து முடிப்பதற்குள் சாயங்காலம் நாலு மணியாகிவிட்டது. டாக்டர் காகிதத்தைத் தரையில் விரித்து, முட்டி போட்டுப் பார்த்தார். ஒரு செகண்டில் போட வேண்டிய பந்தலை இராமலிங்கத்தின் மூளை இரண்டு செகண்டுக்கு முன்பே ஆரம்பித்திருந்தது. கால் நட்டு, கீற்று வேய்ந்து, வாழைமரம் கட்டி, அதற்குப் பிறகுதான் விரல் அசைந்திருந்தது. பன்னிரண்டு நிதானஸ்தர்களில் ஒருவருக்கும் இப்படி இல்லை.

டாக்டரின் முகம் வாடிவிட்டது.

“அப்ப தலை சரியா இருக்குதுன்னு எழுதிக் குடுத்துருங்க சார்,” என்றார் இராமலிங்கம். அவருக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

டாக்டர் பேனாவை எடுத்தார். பிறகு மூடி வைத்துவிட்டார். கை நிதானமாக இருக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் பஸ் போயிருக்கிறதே. ஊதுவது வாய் அல்லவா? மூளையில் கைக்கு ஒரு இடம், வாய்க்கு ஒரு இடம். உத்தியோகம் நடக்கும் இடத்திலேயே மிஷினை வைத்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட முடியாது என்றார். அதுவரைக்கும் வைத்தியமாக ஒன்று சொன்னார். ஊதுவதற்கு முன்னால் ஒன்றிலிருந்து பத்து வரை வாய்விட்டு எண்ண வேண்டும்.

வியாழக்கிழமை இராமலிங்கம் எண்ணினார். காலை முதல் நடைக்குள்ளேயே விஷயம் பரவிவிட்டது. கண்டக்டர் பத்து எண்ணாமல் பஸ் போகாது என்று தெரிந்ததும், வழக்கமாக முண்டியடித்து ஏறுகிறவர்கள்கூட நிதானமானார்கள். அரியலூரில் எட்டுப் பேர் கீழே நின்றபடி வெற்றிலை போட்டுக்கொண்டு, இன்னும் மூன்று எண்ணிக்கை இருக்கிறது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அப்போது பஸ் கிளம்பிவிட்டது.

புகார் எழுதிக் கொடுத்தவர்களில் ஒருவர் செந்துறை பள்ளிக்கூடத்து வாத்தியார். ‘பத்து வரை எண்ணுவதாகப் பொதுமக்களை நம்பவைத்துவிட்டு ஏழிலேயே ஊதிவிட்டார்’ என்று எழுதியிருந்தார். ஏழு என்று சொல்லிக்கொண்டிருக்கும் வாயால் எப்படி விசில் ஊத முடியும் என்று இராமலிங்கம் கேட்டார். பழக்கம் இருந்தால் முடியும் என்று வாத்தியார் சொல்லிவிட்டார். ‘நானும் விசில் சத்தம் கேட்டேன்’ என்று நாலு பேர் கையெழுத்துப் போட்டார்கள். அந்த நேரத்தில் அரியலூர் பஸ் ஸ்டாண்டில் ஆறு பஸ் நின்றது. யாராவது ஒருவர் ஊதிக்கொண்டுதான் இருப்பார்.

இதைக் கேள்விப்பட்ட டாக்டர் குழந்தைவேல் பரவசமடைந்தார். பேசும்போதே பேசுகிறவருக்குத் தெரியாமல் வாய் இன்னொரு வேலை செய்கிறது என்றால், அப்படி ஒரு அவசரத்தை வெள்ளைக்காரர்கள்கூடக் கண்டுபிடித்ததில்லை. நேரே முதலாளியிடம் போனார். வெள்ளிக்கிழமை காலை பத்து இருபது நடையில் மிஷினைப் பஸ்ஸிலேயே வைத்துச் சோதிக்க அனுமதி கேட்டார்.

முதலாளி சம்மதித்தார். தலையில் கோளாறு என்று ஒரு டாக்டரே எழுதிக் கொடுத்துவிட்டால், வேலையை விட்டு எடுத்த பாவம் தனக்கு வராது என்பது அவர் கணக்கு. இராமலிங்கமும் சம்மதித்தார். அவருக்கு வேறு வழியில்லை.

வெள்ளிக்கிழமை பஸ் ஸ்டாண்டில் நல்ல கூட்டம். பஸ்ஸின் கடைசி சீட்டில் இராமலிங்கத்தை உட்காரவைத்து, தலையில் பதினாறு ஒயரை ஒட்டினார்கள். கை தானாகப் போகாமலிருக்க இரண்டு கையையும் பின்னால் சேர்த்துத் துண்டால் கட்டினார்கள். மூன்று பேர் உட்காரும் சீட்டில் மிஷின் உட்கார்ந்தது. அதற்குக் கரண்ட் வேண்டும் என்பதால், அரியமுத்துவின் டீக்கடைச் சுவிட்சுப் பலகையிலிருந்து ஜன்னல் வழியாக ஒரு நீள ஒயர் இழுத்திருந்தார்கள். அதே பலகையில் கடையின் ரேடியோவும் பாடிக்கொண்டிருந்தது.

விசில் இராமலிங்கத்திடம் இல்லை. முதலாளியின் சட்டைப் பையில் இருந்தது. முதலாளி கீழே, படிக்குப் பக்கத்தில், கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். பக்கத்தில் தர்மன் சலவைச் சட்டையோடு நின்றான். முன்னால் போய் டிரைவரிடமும் முதலாளி சொல்லிவிட்டு வந்திருந்தார். நான் ஊதினால்தான் எடுக்க வேண்டும், வேறு யார் ஊதினாலும் எடுக்கக் கூடாது. செல்லக்கண்ணு தலையாட்டினார்.

ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. டாக்டர் மிஷினைப் போட்டார்.

“இப்ப பஸ் கிளம்பணும்னு மனசுல நெனைங்க,” என்றார். “ஆனா ஒண்ணும் பண்ணாதீங்க.”

இராமலிங்கம் கண்ணை மூடிக்கொண்டு, எங்கிருந்து நினைக்க ஆரம்பிப்பது என்று யோசித்தார்.

பஸ் கிளம்பிவிட்டது.

முதலாளி சட்டைப் பையைப் பிடித்துப் பார்த்தார். விசில் இருந்தது. பஸ் இல்லை. ஒயர் ஒரு கணம் விறைத்து நின்றது. அடுத்த கணம் டீக்கடையிலிருந்து பலகையும், அதோடு ரேடியோவும், ரேடியோவுக்கு முட்டுக்கொடுத்திருந்த பிஸ்கட் பாட்டிலும் கிளம்பின. ரேடியோ பாட்டின் நடுவில் நின்றது. அரியமுத்து பன்னிரண்டடி தூரம் கூடவே ஓடிவிட்டு, பிறகு ஒயரை விட்டுவிட்டார்.

பஸ்ஸுக்குள் மிஷின் செத்துப்போயிருந்தது. ஆனால் பஸ் நகர்ந்த நொடி வரைக்குமான காகிதம் இருந்தது. டாக்டர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நேர்கோடு. ஒரு மேடு இல்லை, ஒரு பள்ளம் இல்லை.

“பந்தலே இல்லை,” என்றார் மெல்ல. “ஒரு காலு கூட நடலை. மூளைக்கே தெரியாமப் பண்ணியிருக்கீங்க.”

“நான் ஒண்ணுமே பண்ணலீங்களே சார். கையைக் கட்டியிருக்கீங்க. விசிலு மொதலாளிகிட்ட இருக்கு.”

“அதுதான் விசேஷம்,” என்றார் டாக்டர். இந்த வாரமே மெட்ராஸுக்குக் கூட்டிப்போக வேண்டும் என்றும், ஆறு மாதமோ ஒரு வருஷமோ அங்கேயே தங்க வேண்டியிருக்கும் என்றும் சொன்னார்.

முன் சீட்டிலிருந்து குஞ்சம்மாள் என்ற பயணி, மடியில் கோழிக் கூடையோடு திரும்பிப் பார்த்தார்.

“நீ நெனச்சாலே போவுதாப்பா?”

“தெரியலீங்க ஆத்தா.”

“அப்ப கொஞ்சம் வெரசா நெனை. எனக்குப் பன்னெண்டு மணிக்கு ரயிலு.”

இராமலிங்கத்துக்கு வேர்த்துவிட்டது. நில்லு என்று நினைத்துப் பார்த்தார். பஸ் நிற்கவில்லை. நிறுத்துவதற்கு இன்னும் பழக்கம் வரவில்லைபோல் இருந்தது. எதையும் நினைக்காமலிருக்க முயன்றார். எதையும் நினைக்கக் கூடாது என்று நினைப்பதும் ஒரு நினைப்புத்தானே என்று தோன்றியதும், பஸ் ஒரு மாட்டு வண்டியை முந்திக்கொண்டு போயிற்று. பயந்து, தை மாதக் கல்யாணத்தை மட்டும் நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பேரளி ஸ்டாப்பிங்கில் பஸ் தானாக நின்றது; மூட்டை முடிச்சோடு ஒரு கூட்டம் ஏற ஆரம்பித்தது. ஐந்து நிமிஷத்தில் போட்டிக் கம்பெனி பஸ் பின்னால் வந்து நின்றது. அதிலிருந்து முதலாளியும் தர்மனும் இறங்கி வந்து இந்தப் பஸ்ஸில் ஏறினார்கள். கம்பெனி நடத்திய பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக முதலாளியின் கையில் பஸ் டிக்கெட் இருந்தது. அவர் முகத்தில் கோபம் இல்லை. பயம்தான் இருந்தது. விசில் தன் பையிலேயே இருக்கும்போது பஸ் போனதைக் கண்ணால் பார்த்தவர் அவர்.

டாக்டர் காகிதத்தைக் காட்டி எல்லாவற்றையும் விளக்கினார். முதலாளி பாதியில் கையை உயர்த்தி நிறுத்தினார்.

“ராமலிங்கம்,” என்றார். முதல் தடவையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். “நீ ஊதிக் கிளம்புனா, ஊதாதேன்னு சொல்லலாம். நெனச்சே கிளம்புற பஸ்சை வெச்சுக்கிட்டு நான் எப்படிப்பா கம்பெனி நடத்துறது? எங்கிட்ட மூணு பஸ்சு இருக்கு. கோவப்பட்டு நீ வூட்லேருந்து நெனச்சா என்னாவுறது?”

“மொதலாளி, தங்கச்சி கல்யாணம் இருக்குங்க. இந்த வேலையைச் சொல்லித்தான் மாப்பிள்ளை பேசியிருக்கோம்.”

“கல்யாணத்துக்கு நான் வந்து நிக்கிறேன். பையை மட்டும் குடுத்துரு.”

கட்டை அவிழ்த்தார்கள். இராமலிங்கம் பதினாறு ஒயரோடு எழுந்து, பதினோரு வருஷத்துப் பையைத் தோளிலிருந்து கழற்றி, வாரைத் துடைத்து, தர்மனிடம் கொடுத்தார். கூடைக்குள் கோழி ஒரு தடவை கொக்கரித்தது.

தர்மன் பையை மாட்டிக்கொண்டான். முதலாளி விசிலை எடுத்து அவனிடம் நீட்டினார். அவன் அதை வாங்கி, சட்டை நுனியால் துடைத்து, வாய்க்குக் கொண்டுபோனான். விசில் உதட்டைத் தொடுவதற்கு ஒரு சாண் இருந்தது.

பஸ் கிளம்பிவிட்டது.

எல்லாரும் இராமலிங்கத்தைப் பார்த்தார்கள். இராமலிங்கம் கொளஞ்சியம்மாளிடம் என்ன சொல்வது என்று நினைத்துக்கொண்டிருந்தார். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. டாக்டர் தர்மனின் தலையை ஆவலோடு பார்த்தார். முதலாளி மட்டும், ஐந்து மாதத்தில் முதல் தடவையாக, பஸ்ஸின் முன்பக்கத்தைப் பார்த்தார்.

தர்மன் கையிலிருந்த விசிலைப் பிடுங்கிக்கொண்டு, கம்பியைப் பிடித்துப் பிடித்து முன்னால் போனார். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் நின்று, யாருய்யா ஊதினது என்று கேட்டார். செல்லக்கண்ணு திரும்பவில்லை. முதலாளி ஒரு விசில் ஊதினார். திரும்பவில்லை. பஸ் முழுவதும் காதைப் பொத்திக்கொள்ளும்படி மூச்சு முட்ட ஊதினார். செல்லக்கண்ணு நிதானமாக கியரை மாற்றினார். கடைசியில் முதலாளி அவர் தோளைத் தொட்டு, விசிலை அவர் கண்ணுக்கு நேராக நீட்டி, என்ன என்று கையால் கேட்டார்.

செல்லக்கண்ணு பஸ்ஸை ஓரமாக நிறுத்தினார். விசிலைப் பார்த்தார். முதலாளியைப் பார்த்து மரியாதையாக எழுந்து நின்றார்.

“விசிலுங்களா மொதலாளி? காது சுத்தமா அடைச்சு அஞ்சு மாசம் ஆச்சுங்களே. எல்லாரும் ஏறியிருப்பாங்கன்னு மனசுக்குப் பட்டா எடுத்துருவேன்.”